கணிதத் தேர்வால் அளக்கப்பட்ட இசை ஆசிரியர்கள்: மெம்பிஸ் நகரப் பள்ளிகளின் பணித்தொகுப்பு முறை – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2009இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, பொருளாதார மீட்பு நிதியிலிருந்து 435 கோடி டாலரைப் பள்ளிச் சீர்திருத்தத்துக்கு ஒதுக்கியது. மாநிலங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்காமல், போட்டி வைத்து வென்றவர்களுக்கு மட்டுமே தருவதாக அறிவித்தது. 'ரேஸ் டு த டாப்' என்பது அதன் பெயர். ஆசிரியர்களை மதிப்பிடும்போது மாணவரின் கற்றல் வளர்ச்சிக்கு முக்கிய இடம் கொடுக்கும் மாநிலங்களுக்குப் போட்டியில் கூடுதல் புள்ளிகள் கிடைத்தன.

டென்னசி மாநிலம் 2010 ஜனவரியில் சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச்சில் முடிவு வந்தபோது, முதல் சுற்றில் வென்ற மாநிலங்கள் இரண்டுதான்: டெலவேர், டென்னசி. டென்னசிக்குச் சுமார் 50 கோடி டாலர் கிடைத்தது.

புதிய சட்டப்படி ஓர் ஆசிரியரின் ஆண்டு மதிப்பீட்டில் பாதி, மாணவர் தரவிலிருந்து வர வேண்டும். மொத்த மதிப்பீட்டில் 35 சதவீதம் மாணவர் வளர்ச்சி, 15 சதவீதம் மாணவர் அடைவு, அதாவது எட்டிய தேர்ச்சி. மீதிப் பாதி, பாடம் நடத்துவதை நேரில் பார்த்து மதிப்பிடும் வகுப்பறை நோக்கல் முதலியவை. வளர்ச்சியைக் கணக்கிட மாநிலத்திடம் ஏற்கெனவே ஒரு கருவி இருந்தது. டிவாஸ் எனப்படும் அந்தப் புள்ளியியல் முறை, ஒரு மாணவரின் முந்தைய ஆண்டுகளின் தேர்வு மதிப்பெண்களை வைத்து இந்த ஆண்டு எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணக்கிட்டு, உண்மையில் பெற்றதோடு ஒப்பிடும். முடிவு 1 முதல் 5 வரையிலான நிலையாக வரும்.

டிவாஸ் இயங்க ஒவ்வோர் ஆண்டும் மாநிலம் தழுவிய தேர்வு வேண்டும். அத்தகைய தேர்வு, 3 முதல் 8 வரையிலான வகுப்புகளில் மொழி, கணிதம், அறிவியல், சமூக அறிவியல் பாடங்களுக்கும், உயர்நிலையில் சில பாடங்களுக்கும்தான் நடந்தது. ஓவியம், இசை, நடனம், நாடகம், உடற்கல்வி, நூலகம், மழலையர் வகுப்பு எதற்கும் கிடையாது. மாநில ஆசிரியர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தங்கள் பெயரில் வளர்ச்சி எண் எதுவும் இல்லை. சட்டமோ எல்லோருக்கும் அந்த எண் வேண்டும் என்றது.

2011–12 கல்வியாண்டில் முறை நடைமுறைக்கு வந்தபோது, அந்த இடைவெளியை நிரப்ப எளிய விதி ஒன்று பயன்பட்டது. தனி எண் இல்லாத ஆசிரியருக்கு, அவர் பணிபுரியும் பள்ளி முழுவதற்குமான டிவாஸ் எண்ணே அவருடைய எண்.

கவனிக்கப்பட்டவை

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். மாநில முறையில் ஒவ்வொரு கூறின் நிலையையும் அதன் சதவீதத்தால் பெருக்கிக் கூட்டுவார்கள். மொத்தம் 100 முதல் 500 வரை வரும். 200க்குக் கீழ் நிலை 1, 200 முதல் நிலை 2, 275 முதல் நிலை 3, 350 முதல் நிலை 4, 425 முதல் நிலை 5.

வகுப்பறை நோக்கலில் நிலை 3, அடைவில் நிலை 3 பெற்ற ஓர் இசை ஆசிரியரை எடுத்துக்கொள்வோம். நோக்கலுக்கு 150, அடைவுக்கு 45, ஆக 195. அவருடைய பள்ளியின் டிவாஸ் நிலை 1 என்றால் 35 சேர்ந்து 230, நிலை 2. அதே ஆசிரியர், அதே பாடத்தை, அதே திறத்துடன் நிலை 5 பெற்ற பள்ளியில் நடத்தினால் 175 சேர்ந்து 370, நிலை 4. இரண்டு நிலை வேறுபாடும் மற்ற ஆசிரியர்கள் நடத்திய பாடங்களின் தேர்விலிருந்து வருகிறது. 15 சதவீத அடைவுக் கூறையும் மாநிலம் தந்த பட்டியலிலிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். கலை ஆசிரியர் பலருக்கு அதுவும் பள்ளி தழுவிய எண்ணாகவே அமைந்தது.

இது வெறும் பெயரளவு வேறுபாடு அல்ல. 2011இல் டென்னசி பணி நிரந்தரச் சட்டத்தையும் மாற்றியிருந்தது. தகுதிகாண் காலம் ஐந்து ஆண்டுகள். அதன் கடைசி இரண்டு ஆண்டுகளிலும் நிலை 4 அல்லது 5 பெற்றவருக்கே நிரந்தரம். ஆக, ஓர் ஓவிய ஆசிரியரின் பணிப் பாதுகாப்பு அவர் பள்ளியின் கணித மதிப்பெண்ணில் தொங்கியது.

டென்னசியின் மெம்பிஸ் நகரப் பள்ளி மாவட்டத்தின், அதாவது அந்நகரப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின், கலைக் கல்விப் பிரிவில் இருந்தவர்கள் இதில் இரண்டு கேடுகளைக் கண்டார்கள். நியாயக் கேடு வெளிப்படையானது. மற்றொன்று அதைவிட ஆழமானது: இந்த எண் ஆசிரியருக்கு எதையும் சொல்வதில்லை. தன் மாணவர்கள் சுருதி சேர்ந்து பாடுகிறார்களா, புதிய தாளக்கட்டைப் பார்த்தவுடன் வாசிக்கிறார்களா, பார்த்து வரைவதில் முன்னேறினார்களா என்று எதுவுமே அதிலிருந்து தெரியாது. அதோடு, பள்ளியின் வாசிப்பு மதிப்பெண்ணே தன் மதிப்பெண் என்றால், இசை வகுப்பு நேரத்தில் வாசிப்புப் பயிற்சியைப் புகுத்தத் தலைமையாசிரியருக்கும் ஆசிரியருக்கும் நெருக்கடி கூடும். அளவீட்டு முறை பாடத்தையே தின்றுவிடும் வழி அது.

கையில் இருந்த வழிகள்

பள்ளி எண்ணை ஏற்காவிட்டால், மூன்று வழிகளில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

முதலாவது, கலைப் பாடங்களுக்கும் மாநிலத் தேர்வு வைப்பது. எழுத்துத் தேர்வாக வைத்தால் மலிவு. விடைகளை இயந்திரமே திருத்தும். ஆனால் சுரக் குறியீடுகளின் பெயர் தெரிவதும் பாடத் தெரிவதும் வேறு வேறு. செய்முறைத் தேர்வாக வைத்தால் செலவு எகிறும். தேசிய அளவிலான கல்வி மதிப்பீடான நேப்பே இதற்குச் சான்று. 1997இல் எட்டாம் வகுப்பு இசையில் மாணவர்களைப் பாடவும் வாசிக்கவும் இயற்றவும் வைத்துச் சோதித்தார்கள். 2008இல் இசைக்குக் கேட்டு விடையளிக்கும் பகுதி மட்டுமே மிஞ்சியது. தென் கரோலினா 2000ஆம் ஆண்டிலிருந்து இணையவழிக் கேள்விகளோடு பாடல், தாளச் செய்முறைகளையும் சேர்த்து ஒரு கலை மதிப்பீட்டுத் திட்டத்தை வளர்த்துவந்தது. அதைப் போன்ற ஒன்றை ஓரிரு ஆண்டுகளில் எழுப்புவது எந்த மாவட்டத்துக்கும் எளிதல்ல.

இரண்டாவது, ஆசிரியரே ஆண்டுத் தொடக்கத்தில் கற்றல் இலக்கு எழுதி, ஆண்டு முடிவில் எத்தனை பேர் எட்டினர் என்று காட்டுவது. பல மாநிலங்கள் இந்த வழியில் போயின. எளிய இலக்கு வைத்தவர் உயர்வார், கடின இலக்கு வைத்தவர் தாழ்வார் என்பது இதன் நிரந்தர நோய். இலக்கை ஒப்புக்கொள்ளும் தலைமையாசிரியர் பெரும்பாலும் இசை அறிந்தவராக இருப்பதில்லை; ஆகவே இலக்கு எளிதா கடினமா என்று அவரால் சொல்ல முடிவதில்லை.

மூன்றாவது, மாணவர்களின் கலைப் படைப்புகளையே சான்றாக்கி, அந்தக் கலை அறிந்தவர்களிடம் கொடுத்து மதிப்பிடச் சொல்வது. மெம்பிஸ் இதைத் தேர்ந்தது; இதுவே பணித்தொகுப்பு முறை.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

தேர்வில்லாப் பாடங்களுக்கு மாற்று அளவீடு பரிந்துரைக்க மாநிலம் குழுக்களை அமைத்தபோது, கலைப் பாடங்களுக்கான முறையை மெம்பிஸ் கலை ஆசிரியர்கள் முன்னெடுத்தார்கள். 2011–12இல் வெள்ளோட்டம் விட்டார்கள். 2012இல் மாநில ஒப்புதல் கிடைத்து, விரும்பும் மற்ற மாவட்டங்களும் எடுத்துக்கொள்ளலாம் என்றாயிற்று.

முறையின் முதுகெலும்பு ஐந்து முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் தெளிவான காரணம் இருந்தது.

பாடத்தை நான்கு களங்களாகப் பிரித்தார்கள்: நிகழ்த்துதல், படைத்தல், எதிர்வினையாற்றுதல், தொடர்புபடுத்துதல். 2014இல் வெளியான தேசியக் கலைத் தரநிலைகளும் இதே நான்கில்தான் நிற்கின்றன. ஆசிரியர் நான்கைந்து சான்றுத் தொகுப்புகளை, ஒன்றுக்கு மேற்பட்ட களங்களிலிருந்து தர வேண்டும். இல்லையென்றால் எல்லோரும் கச்சேரிப் பாட்டை மட்டுமே தருவார்கள்.

ஒவ்வொரு தொகுப்பிலும் குறைந்தது இரண்டு காலப் புள்ளிகள்: கற்பிப்பதற்கு முன், கற்பித்த பின். ஒரே ஒரு நல்ல பாடலைக் காட்டினால் அது மாணவரின் தகுதியைக் காட்டும். வீட்டில் வயலின் ஆசிரியர் வைத்துக் கற்ற குழந்தையின் திறமை பள்ளி ஆசிரியர் கணக்கில் ஏறிவிடும். இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமே அளக்கப்பட வேண்டியது.

மாணவர்களை மூன்று மட்டங்களிலிருந்து எடுத்தார்கள்: தொடக்க நிலையில் தடுமாறுபவர், நடுவில் நிற்பவர், முந்தியிருப்பவர். நல்ல மாணவரை மட்டும் காட்டுவதை இது தடுக்கிறது. அதைவிட, பின்தங்கியவருக்கும் முந்தியவருக்கும் ஒரே ஆசிரியர் என்ன செய்கிறார் என்பது ஒரே தொகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் தெரிகிறது.

ஆசிரியர் முதலில் தானே மதிப்பெண் இடுவார். பின்னர், அதே கலையைக் கற்பிக்கும், பயிற்சி பெற்ற சக ஆசிரியர் ஒருவர் அது யாருடையது என்று தெரியாமல் மதிப்பெண் இடுவார். இரண்டும் வெகுவாக வேறுபட்டால் இன்னொருவரிடம் போகும். சேர்ந்திசைத் தொகுப்பைச் சேர்ந்திசை ஆசிரியரும், ஓவியத் தொகுப்பை ஓவிய ஆசிரியரும் பார்க்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுப்பு இல்லை. இந்த ஒரு முடிவுதான் கலை ஆசிரியர்களிடையே முறைக்கு மதிப்பைத் தேடித்தந்தது என்பது எங்கள் கணிப்பு.

இறுதியாக, எதிர்பார்த்த வளர்ச்சிக்கு 3, அதைத் தாண்டினால் 4, 5 என்று டிவாஸின் அதே 1 முதல் 5 வரையிலான அளவையே வைத்துக்கொண்டார்கள். சட்டம் கேட்ட 35 சதவீதப் பெட்டிக்குள் அப்படியே பொருந்தியதால்தான் மாநிலத்தால் ஒப்புதல் தர முடிந்தது. நல்ல முறையாக இருப்பது போதாது. இருக்கும் படிவத்தில் அமர வேண்டும் என்பதை அவர்கள் சரியாகக் கணித்தார்கள்.

ஒரு தொகுப்பு உருவாகும் விதம்

இந்த வகை முறையைத் தொடங்க நினைப்பவர்கள் கொள்கையில் தவறுவதில்லை. ஒலிப்பதிவிலும் நாட்காட்டியிலும்தான் தவறுகிறார்கள். ஆகவே இந்தப் பகுதியை விரிவாகச் சொல்கிறோம்.

முதலில் நேரம். டென்னசியில் பள்ளி ஆண்டு 180 நாள், அதாவது 36 வாரம். தொடக்கப் பள்ளி இசை ஆசிரியர் ஒரு வகுப்பை வாரம் ஒருமுறை 40 நிமிடம் பார்க்கிறார் என்றால், விடுமுறையும் ஒத்திகையும் தின்னாமலிருந்தாலும் ஆண்டு முழுவதும் 24 மணி நேரம்தான். 25 பேர் வகுப்பில் ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிந்தால், மாறி உட்காரும் நேரத்தோடு ஒரு வகுப்பு முழுதும் போய்விடும். முன், பின் என இருமுறை, நான்கு தொகுப்புகளுக்கு என்று போனால் எட்டு வகுப்புகள். ஆண்டின் ஐந்தில் ஒரு பங்கைவிடக் கூடுதல். இதனால் ஒவ்வொரு தொகுப்பையும் வெவ்வேறு வகுப்பிலிருந்து எடுக்க வேண்டும்; பதிவைத் தனிச் சோதனையாக வைக்காமல் பாடத்தின் அங்கமாக்க வேண்டும். மற்றவர்கள் ஜோடியாகப் பயிற்சி செய்யும்போது மூலையில் ஒருவர் பின் ஒருவராகப் பதியலாம்.

எடுத்துக்காட்டாக, நான்காம் வகுப்பில் ரெக்கார்டர் என்னும் சிறு குழல். பெரும்பாலான ஆசிரியர்கள் பி, ஏ, ஜி என்ற மூன்று சுரங்களில் தொடங்குவார்கள். குழலைக் கையில் வாங்கும் முதல் நாளே 'முன்' பதிவு எடுத்தால், எல்லோரும் பூச்சியத்தில் நிற்பார்கள். பிறகு எது வாசித்தாலும் பெரும் வளர்ச்சியாகத் தெரியும். மதிப்பீட்டாளர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுவே. சரியான வழி, முதல் ஓசை வந்து, மூன்று சுரங்களில் விரல் பழகிய பின், நான்காம் வாரம் வாக்கில் அடிநிலைப் பதிவை எடுப்பது. அப்போது பின்தங்கியவருக்கும் முந்தியவருக்கும் உள்ள வேறுபாடு உண்மையாக வெளிப்படும்.

முன்னும் பின்னும் ஒரே மெட்டை வாசிக்கவைத்தால், வளர்ந்தது திறனா, அந்த மெட்டின் மனப்பாடமா என்று பிரிக்க முடியாது. ஆகவே எட்டு மாத்திரை நீளத்தில், ஒரே கடினம் கொண்ட இரு மெட்டுகளை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்: அதே சுரங்கள், அதே எண்ணிக்கையில் கால் மாத்திரைத் தாவல்கள், அதே வேகம். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 72 தட்டு என்று வைத்து நான்கு தட்டு கேட்டபின் தொடங்கச் செய்யலாம். வாசிக்கும்போது அணைத்துவிட வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் தாளம் மாணவருடையதா, கருவியுடையதா என்று தெரியாது.

பதிவுக்கருவியில் ஒரு பொறி இருக்கிறது. கைப்பேசிகள் ஒலியளவைத் தாமாகவே சமன் செய்யும். மெல்ல வாசித்ததும் உரக்க வாசித்ததும் ஒரே மட்டத்தில் பதிவாகும். ஒலி ஏற்றஇறக்கத்தில் வளர்ச்சி காட்ட நினைத்த ஆசிரியருக்கு அது காதில் விழாமலே போகும். தானியங்கிச் சமனை நிறுத்தக்கூடிய செயலியோ சிறு ஒலிப்பதிவுக் கருவியோ வேண்டும். இரு பதிவுகளுக்கும் அதே அறை, அதே தொலைவு. இரண்டாம் பதிவு அரங்கில், முதல் பதிவு சாப்பாட்டுக்கூட மூலையில் என்றால், வளர்ச்சியில் பாதி சுவர்களின் எதிரொலி.

சேர்ந்திசையில் வேறு சிக்கல். முப்பது பேரின் நடுவே மைக் வைத்தால் யாருடைய குரலும் தனித்துக் கேட்காது. தொகுப்பு மாணவரைக் காட்டாமல் குழுவைக் காட்டும். மூவரை அருகருகே நிறுத்தி, ஒவ்வொருவர் முன்னும் ஓரடி தூரத்தில் பதிவுக்கருவி வைத்துப் பாடவைப்பது பயனுள்ள நடுவழி. தனியாகப் பாடக் கூச்சப்படும் பிள்ளைக்குத் துணை இருக்கும். குரலும் பிரிந்து கேட்கும். குரல் உடையும் வயதுப் பையன்களுக்கு ஆண்டு நடுவில் குரல்வரம்பே மாறிவிடும். அவர்களுக்கு முன்பதிவின் சுருதியை அப்படியே வைத்துப் பின்பதிவு எடுத்தால் சரிவாகத் தெரியும். சுருதியை இறக்கிக் குறிப்பில் காரணம் எழுத வேண்டும்.

ஓவியத்தில் வேலை எளிதுபோலத் தோன்றும். ஆனால் புகைப்படத்தில்தான் பிசகும். மஞ்சள் விளக்கில் எடுத்த முன்படமும் சன்னல் வெளிச்சத்தில் எடுத்த பின்படமும் நிற உணர்வு வளர்ந்ததாகப் பொய் சொல்லும். அதே பொருளை, ஒரு நாற்காலியையோ தன் கையையோ, அதே அளவுத் தாளில், அதே நேர வரம்பில் பார்த்து வரையச் சொல்ல வேண்டும். இருபது நிமிட வரைவையும் இரண்டு வார வரைவையும் ஒப்பிட்டால் வளர்ந்தது நேரம் மட்டுமே. நடனத்துக்கும் நாடகத்துக்கும் அசையாத கேமரா, பாதம் முதல் தலை வரை சட்டகத்துக்குள் என்பதே முதல் விதி.

எழுத்துக் குறிப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. எந்தத் தரநிலை, என்ன கற்பிக்கப்பட்டது, இரண்டு பதிவுக்கும் இடையே எத்தனை வகுப்பு, எந்த மாணவர் எந்த மட்டம் என்று ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். மாணவரின் பெயர் எங்கும் வரக் கூடாது. அ, ஆ, இ போதும். பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆசிரியரின் குரல் பதிவில் இருந்தால் வெட்ட வேண்டும். அது மாணவரின் தனியுரிமையையும், யாருடையது என்று தெரியாமல் மதிப்பிடும் ஏற்பாட்டையும் ஒருசேரக் கெடுக்கும்.

மதிப்பிடுவோரின் ஒப்புமை

மதிப்பீட்டாளர்களைப் பழக்கும்போது, முன்பே மதிப்பெண் உறுதி செய்யப்பட்ட மாதிரித் தொகுப்புகளைக் கொடுத்து, அவர்கள் இடும் மதிப்பெண்ணை ஒப்பிடுவார்கள். இங்கே ஓர் எண் எல்லோரையும் மயக்கும்: 'ஒரு நிலைக்குள் ஒத்துப்போனவர்கள் இத்தனை சதவீதம்.' இருவர் 2, 3, 4 என்ற மூன்று நிலைகளை மட்டும் பயன்படுத்தி, கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் இட்டாலும், ஒன்பது வாய்ப்புகளில் ஏழில் ஒரு நிலைக்குள் ஒத்துப்போவார்கள். அதாவது 78 சதவீதம். மிகச் சரியாக ஒத்துப்போவது மூன்றில் ஒன்றுதான். எனவே மிகச் சரியான ஒப்புமையைத் தனியாகப் பார்க்காமல் 'ஒப்புமை நன்றாயிருக்கிறது' என்று அறிக்கை எழுதுவது பொருளற்றது.

எங்கே தளர்ந்தது

முறையின் பெரிய ஓட்டை, சான்றைத் தேர்ந்தெடுப்பவர் மதிப்பிடப்படும் ஆசிரியரே என்பது. மூன்று மட்டங்கள் என்ற விதி இதை ஓரளவு அடைக்கிறது, முழுதாக அல்ல. 'பின்தங்கியவர்' வரிசையில் மிக வேகமாகத் தேறிய பிள்ளையை ஆண்டு முடிவில் பொறுக்கியெடுக்க முடியும். ஐந்நூறு மாணவரைப் பார்க்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர் நான்கு தொகுப்பில் மும்மூன்று பேரைக் காட்டினால் பன்னிரண்டு பேர்; நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அந்த மூவரிலிருந்து மற்ற தொண்ணூற்றேழு பேரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது, தொகுப்பு செய்யும் திறமும் கற்பிக்கும் திறமும் கலந்துவிடுவது. கோப்புகளை வெட்டி ஒட்டவும் தெளிவாகக் குறிப்பெழுதவும் வல்லவர் உயர்கிறார். அருமையாகக் கற்பித்தும் கணினியில் தடுமாறுபவர் தாழ்கிறார். இந்த வேலை பெரும்பாலும் பள்ளி நேரத்துக்குப் பின் நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முந்தியிருக்கும் மாணவர்களிடம் கூரை முட்டுகிறது. ஏற்கெனவே உயர்மட்டத்தில் இருப்பவர் அளவுகோலில் இன்னும் ஏற இடமில்லை. அவருடைய உண்மையான வளர்ச்சி, சொற்றொடர் வளைவு, ஒலியின் நயம் போன்றவை, ஐந்து படி அளவுகோலில் அகப்படுவதில்லை.

பின்னர் நடந்தவை

2013 ஜூலையில் மெம்பிஸ் நகரப் பள்ளி மாவட்டம், சுற்றியிருந்த ஷெல்பி மாவட்டப் பள்ளிகளோடு இணைக்கப்பட்டது; பணித்தொகுப்பு முறை தொடர்ந்தது. மாநில அளவில், தனி எண் இல்லாதவர்களுக்கு வளர்ச்சியின் பங்கை 35இலிருந்து 25 சதவீதமாகக் குறைத்து, அந்தப் பத்தை வகுப்பறை நோக்கலுக்குக் கொடுத்தார்கள். மேலே போட்ட கணக்கை இதில் போட்டால், பள்ளி எண்ணால் வரும் அதிகபட்ச வேறுபாடு 140இலிருந்து 100 புள்ளியாக இறங்குகிறது. நல்லதே. ஆனாலும் ஒரு நிலையின் அகலம் 75 புள்ளிதான்.

முறையை எடுத்துக்கொள்வது மாவட்டங்களின் விருப்பம் என்பதால் பலவும் பள்ளி எண்ணோடே நின்றன. பயிற்சி, மதிப்பீட்டாளர், இணையத் தளம் எல்லாவற்றுக்கும் செலவு. பள்ளி எண்ணோ இலவசம். 2015இல் டென்னசி ஆசிரியர் சங்கம், தாங்கள் கற்பிக்காத பாடத்தின் தேர்வால் மதிப்பிடப்படுவதை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கு முன்பே ஃபுளோரிடாவில் இதே கேள்வி எழுந்தது. 2014இல் அங்கே நீதிபதி, இந்த நடைமுறையின் நியாயமின்மையைச் சுட்டிக்காட்டியும், அரசியலமைப்பை மீறியதாகச் சொல்ல முடியாது என்று தீர்ப்பளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அது நின்றது. நியாயமற்றது எல்லாம் சட்டவிரோதம் ஆகிவிடுவதில்லை. மாற்றம் கல்வித்துறைக்குள்ளிருந்துதான் வர வேண்டும் என்பதை அந்தத் தீர்ப்பு கலை ஆசிரியர்களுக்கு உணர்த்தியது.

2015 டிசம்பரில் வந்த புதிய கூட்டாட்சிக் கல்விச் சட்டம், ஆசிரியர் மதிப்பீட்டில் தேர்வுத் தரவைச் சேர்க்கும்படி மாநிலங்களைக் கூட்டாட்சி அரசு நெருக்குவதை நிறுத்தியது. 2016 பிப்ரவரியில் டென்னசியின் புதிய இணையவழித் தேர்வு முதல் நாளே முடங்கி, அந்த ஆண்டு 3 முதல் 8 வரையிலான வகுப்புகளின் தேர்வே கைவிடப்பட்டது. பள்ளி எண்ணை நம்பியிருந்த ஏற்பாடு எவ்வளவு நொய்யது என்பது அப்போது வெளிப்பட்டது.

இதற்கிடையே, கலைப் பாடங்களில் பிறந்த பணித்தொகுப்பு முறை வேறு பாடங்களுக்கும் பரவியது. 2016 சட்டம் ஒன்றின்படி, மாநில முன்மழலையர் நிதி பெறும் மாவட்டங்களில் முன்மழலையர், மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு 2017–18 முதல் அது கட்டாயமாயிற்று. அங்கே அடி பலமாக விழுந்தது. 2018இல் பதிவேற்றப் பிழைகளாலும் தளக் கோளாறுகளாலும் பலர் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்று, மாநிலம் அவற்றை மீண்டும் பார்க்க நேர்ந்தது. கலை ஆசிரியர்கள் விரும்பி, தாங்களே வடிவமைத்து, தங்கள் கலையினரைக் கொண்டு மதிப்பிட்ட ஒன்றை, அந்தச் சூழல் இல்லாத இடத்தில் ஆணையாக இறக்கியதே இதன் காரணம் என்று கருதுகிறோம். மென்பொருள் கோளாறு அதை வெளிக்கொண்டுவந்தது, அவ்வளவுதான்.

மாற்ற வேண்டியவை

இதே வழியில் தொடங்கும் மாவட்டம், மாணவர் தேர்வை ஆசிரியர் கையிலிருந்து பாதியாவது எடுக்க வேண்டும். அடிநிலைப் பதிவு முடிந்ததும் ஆசிரியர் எல்லோரையும் மூன்று மட்டமாகப் பிரித்துத் தளத்தில் ஏற்றட்டும். ஒவ்வொரு மட்டத்திலிருந்தும் இருவரைக் கணினி குலுக்கலில் எடுக்கட்டும். இருவரை எடுப்பது, பள்ளி மாறிப்போகும் பிள்ளைகளுக்கு மாற்று இருக்க வேண்டும் என்பதற்காக. ஆண்டு முடிவில் பொறுக்கும் வழி அதோடு அடைபடும்.

கோப்பு திறக்காதது, தரநிலை எண் தவறாகக் குறித்தது, ஒரு பதிவு விடுபட்டது போன்றவற்றுக்கு நிலை 1 கொடுக்கக் கூடாது. 'மதிப்பிட இயலவில்லை' என்ற தனிப் பெட்டியும், திருத்தி அனுப்பப் பத்து நாளும் வேண்டும். கோப்புப் பிழைக்குக் கற்பித்தல் மதிப்பெண் கொடுப்பது அளவீடே அல்ல.

மதிப்பீட்டாளருக்கு ஊதியமும், பள்ளி நேரத்திலேயே அதற்கான நாளும் தர வேண்டும். ஒரு தொகுப்புக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் நான்கு தொகுப்புக்கு ஒரு மணி; இருபது ஆசிரியர்களைப் பார்ப்பவருக்கு மூன்று வேலைநாள். இந்தக் கணக்கைத் தொடக்கத்திலேயே வரவுசெலவில் எழுதாத மாவட்டம், மூன்றாம் ஆண்டில் மதிப்பீட்டாளர் கிடைக்காமல் நிற்கும்.

முதல் இரண்டு ஆண்டு மதிப்பெண்களைப் பணி நிரந்தரத்தோடு இணைக்காமல் வைக்கலாம். அந்தக் காலத்தில் மாதிரித் தொகுப்புகள் சேரும், அளவுகோலின் சொற்கள் தெளிவாகும், எந்தக் களத்தில் மதிப்பீட்டாளர்கள் முரண்படுகிறார்கள் என்று தெரியவரும். படைத்தல் களத்தில் முரண்பாடு கூடுதலாகவே இருக்கும். மாணவர் இயற்றிய எட்டு மாத்திரை மெட்டில் எது வளர்ச்சி என்பதில் அனுபவமுள்ள இசை ஆசிரியர்களே பிரிந்து நிற்பார்கள். அந்தக் களத்துக்கு மட்டும் மாதிரிகளை இரட்டிப்பாகச் சேர்த்து, ஆண்டுக்கு ஒருமுறை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கேட்டு மறுஅளவு செய்ய வேண்டும்.

மதிப்பெண் தாளில் எண்ணோடு, மதிப்பீட்டாளர் கேட்டதைப் பற்றி நான்கைந்து வரி எழுதித் திருப்பித் தர வேண்டும்: 'இரண்டாம் பதிவில் மூச்சு எடுக்கும் இடம் மாறியிருக்கிறது, பின்தங்கிய மாணவரின் விரல் அசைவு சரியாகியும் நாக்கால் சுரத்தைத் தொடங்குவது பழகவில்லை.' அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் ஆசிரியர் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது இந்த வரிகள்தான்.